கத்திரி படாத ராஜா

திருவண்ணாமலையில் மலையைப் பார்த்துக் கும்பிடு போடாமல் நடக்கிறவர் ஒருவர் இருவர் இருக்கலாம். கத்திரி மேடத்தைப் பார்த்ததும் உடுத்தியிருக்கிற துணியை இறுக்கிப் பிடிக்காமல் நடந்தவர் எங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூட இருந்ததில்லை.

அவருக்கு வேறு பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறோம். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடிவந்தால், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று திருப்பி அனுப்பிவிடுவோம். ஒரு முறை அவரே அப்படி ஒருவரை அனுப்பிவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரை ஓடிப்போய்த் திரும்ப அழைத்து வந்தார்.

வேலை டைப்பிஸ்ட். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கைப்பையில் சாப்பாட்டு டப்பா, அதற்கு மேல் முழங்கை நீளத்துக்கு ஒரு தையல் கத்தரிக்கோல். அந்தக் கைப்பை மடியில் இருக்கும்வரை அவரிடம் எந்தக் கண்டக்டரும் சில்லறை இல்லை என்று சொன்னதாக வரலாறு கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்து ஊர் எது என்று கேட்டார்கள். அவர் மட்டும் என் முழங்காலைப் பார்த்தார். என் அண்ணன் போட்டுக் கழித்த பேண்ட் அது. காலைச் சுற்றிக் கூடாரம் அடித்தது போல் கீழே விரிந்திருக்கும்.

"தம்பி, இந்தப் பேண்ட்ட எப்ப விடுவ?"

"மேடம்?"

"கறை படாம பாத்துக்க. முட்டிக்குக் கீழ ரெண்டு மந்திரி தேறும்."

பயந்துபோய்ப் பக்கத்து நாற்காலியில் இருந்த கேஷியரைப் பார்த்தேன். "பரவால்லப்பா. என் சட்டைய முதல் நாளே யானைக்குப் போத்தலாம்னு சொன்னாங்க" என்றார் அவர்.

இதுதான் விஷயம். கத்திரி மேடத்துக்கு உலகத்தில் இருந்த ஒரே பைத்தியம் சரித்திர உடுப்பு. ராஜா அங்கி, ராணி பாவாடை, மந்திரி தலைப்பாகை, சேனாதிபதி கவசம். எந்தத் தெருவில் நாடகம், எந்தப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா என்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பார். ஒரே ஒரு சட்டம்தான். ஒரு முழம் துணிகூடப் புதிதாக வாங்கக் கூடாது. வீட்டில் ஏற்கெனவே இருப்பதில்தான் சாம்ராஜ்யம்.

"கடையில துணி வாங்கித் தைக்கறதுக்கு நான் எதுக்கு? அதுக்கு டெய்லர் இருக்காரே" என்பார்.

பிய்ந்த குடையில் மந்திரிக்குக் குல்லா தைத்திருக்கிறார். மெத்தை உறையில் நவாபுக்குக் கால்சட்டை தைத்திருக்கிறார். ஊர்ப் பள்ளிக்கூட விழாவுக்குப் போன அவர் வீட்டுக்காரர், ஓலை கொண்டுவந்த தூதுவன் மேல் தன்னுடைய கல்யாணச் சட்டையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினாராம். பாவம், வேறு என்ன செய்வார்?

ரமணாசிரமம் பக்கம் போனால் இன்னும் மோசம். அங்கே வெள்ளைக்காரர்கள் தொளதொளவென்று உடுத்திக்கொண்டு அமைதி தேடி நடப்பார்கள். மேடம் அவர்கள் உடுப்பைத் தேடி நடப்பார். ஒரு நாள் என்னையும் கூட்டிப்போனார். கறுப்பு வெல்வெட் பாவாடை கட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாளை வழிமறித்து, குனிந்து ஓரத்தைத் திருப்பித் தையலை ஆராய்ந்தார். அந்த அம்மாள் தன் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்து, தானும் குனிந்து மேடத்தின் காலைத் தொட்டாள்.

"ஊருக்குப் போறப்ப இத எடுத்துட்டுப் போவாங்களா, கேளு தம்பி."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அந்த அம்மாள் கண் கலங்கி, "போகும்போது எதையும் எடுத்துப் போக மாட்டோம்" என்று வானத்தைக் காட்டினாள். நான் மொழிபெயர்த்தேன். "அப்ப இவங்க ஊருக்குக் கிளம்பற மாசம் வந்து பாக்கலாம்" என்று மேடம் நடையைக் கட்டினார்.

இவ்வளவு சொன்னால் அவரைக் கோமாளி என்று நினைப்பீர்கள். அந்தக் கோமாளி வேஷம் என்னுடையது. அதைப் பிறகு சொல்கிறேன். அவருக்குள் ஒரு முள் இருந்தது. அது வேலூரில் குத்தியது.

எங்கள் மாவட்டம் வேலூரிலிருந்து பிரிந்த புதிது. அலுவலகமும் இரண்டானது. நல்ல மேஜைகள் அங்கேயே தங்கிவிட்டன. கால் ஆடும் நாற்காலிகள், மூடாத பீரோக்கள், வெயிலில் வெளுத்த ஜன்னல் திரைகள் ஆகியவை ஒரு லாரியில் எங்களுக்கு வந்தன. மேடமும் வந்தார்.

அதற்கு முன்னால் அங்கே நடந்த ஒரு நாடகத்துக்கு அவர் ராப்பகலாக உடுப்பு தைத்துக் கொடுத்திருக்கிறார். ஒத்திகையில் அதைப் பார்த்த வேலூர் மேனேஜர், இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இன்னாம்மா இது, கந்தல்? ராஜாவா, பிச்சக்காரனா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டு, வாடகை உடுப்பு எடுத்துவிட்டார். அடுத்த மாதமே மாற்றல் உத்தரவு.

"உடைஞ்ச நாற்காலியோட சேத்து என்னையும் லாரியில ஏத்திட்டாங்க தம்பி" என்று மேடம் ஒரே ஒரு முறை சொன்னார். அன்று மட்டும் அவர் யாருடைய பேண்ட்டையும் பார்க்கவில்லை.

இப்படி இருக்கும்போது, இரண்டு அலுவலகங்களின் மனமகிழ் மன்றங்களுக்கும் நாடகப் போட்டி என்று அறிவித்தார்கள். இடம், எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம். எங்கள் ஹெட் கிளார்க் உடனே ஒரு சரித்திர நாடகம் எழுதினார். செஞ்சிக்கும் அண்ணாமலைக்கும் நடுவில் எங்கேயோ ஆண்ட, யாரும் கேள்விப்படாத ஒரு ராஜா; அவனைக் கடைசியில் கொல்லும் ஒரு துரோகி. ராஜாவாகத் தானே நடிப்பது என்று ஹெட் கிளார்க் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டார்.

மன்றத்தின் கஜானாவோ, போன பொங்கல் விழாவிலேயே பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. எங்கள் ஆபீசர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "எப்படியாவது வசூல் பண்ணி, உடுப்பு மட்டும் வேலூர்லேர்ந்து வாடகைக்கு எடுத்துடலாம்" என்றார்.

டைப் மிஷின் சத்தம் நின்றது. மேடம் எழுந்து வந்தார்.

"வேலூர்லேர்ந்தா? அதுக்கு மாவட்டத்தப் பிரிக்காமலே இருந்திருக்கலாமே சார்."

"இல்லம்மா, அவங்க முன்னாடி அசிங்கப்பட்டுடக் கூடாதுல்ல?"

மேடம் கைப்பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார். ஆபீசர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். மேடம் அதை அவர் மேஜை மேல் வைத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். நாடகத்தன்னிக்கு என் உடுப்பப் பாத்து அந்த மேனேஜர் சிரிச்சாருன்னா, இத நீங்களே வெச்சிக்குங்க. அப்புறம் நான் பட்டன்கூடத் தைக்க மாட்டேன்."

"கத்தரி இல்லாம எப்படிம்மா தைப்பீங்க?"

அந்தக் கேள்வி மேடத்துக்கும் அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். ஒரு விநாடி அவர் முகம் வெளிறியது. ஆனால் வைத்த பொருளைத் திரும்ப எடுப்பது அவர் வழக்கமில்லை. ஆபீசர் கத்தரிக்கோலை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார்.

மறுநாள் காலை மேடம் என் மேஜைக்கு வந்தார். கண்ணில் பழைய வெளிச்சம்.

"சைக்கிள எடு தம்பி. வெட்டாமலே தைக்கக்கூடிய துணி ஊர் பூரா இருக்கு. எல்லாம் ஏற்கெனவே வெட்டினது."

அவர் சொன்னது ஜாக்கெட் பிட்டு. கொலு, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிறார்களே, அந்தத் துணி. அதை யாராவது தைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மாட்டீர்கள். வாங்கியவர் பெட்டியில் போடுவார். அடுத்த விசேஷத்துக்கு எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பார். அவர் அடுத்தவருக்கு. ஒரே ஒரு கவனம்தான் வேண்டும்: யார் கொடுத்தார்களோ அவர்களுக்கே திரும்பப் போய்விடக் கூடாது.

முதலில் ஹெட் கிளார்க் வீடு.

"ஜாக்கெட் பிட்டா? நம்ம வீட்ல ஏதுங்க?" என்றார் அவர் மனைவி.

மேடம் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அங்கே ஒரு டிரங்குப் பெட்டி, மூடி பாதி எழும்பி நின்றது. திறந்ததும் பிட்டுகள் பாலாகப் பொங்கின.

"இதெல்லாம் வெச்சிக் குடுக்க வெச்சிருக்கறதுங்க. வெட்டிட்டீங்கன்னா?"

"வெட்ட மாட்டேம்மா. கத்தரிகோலே என்கிட்ட இல்ல. தூரத் தூரமா பெருந்தையல் போட்டு ஒட்டறேன். நாடகம் முடிஞ்சதும் நூல உருவி, தேச்சி, மடிச்சி அப்படியே குடுத்துடறேன்."

அந்தப் பெட்டியின் அடியிலிருந்துதான் அது வந்தது. கிளிப்பச்சை. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சு நிற மாம்பழங்கள். அதைப் பார்த்த கணத்தில் எனக்குப் பல் கூசியது.

"இது ஆபீசர் வீட்டம்மா கொலுவுக்கு வெச்சிக் குடுத்தது" என்றார் ஹெட் கிளார்க் மனைவி, குரலைத் தாழ்த்தி. "யாருக்குக் குடுக்கறதுன்னே தெரியலங்க. எதிரிக்குக்கூட மனசு வரல."

மேடம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மார்புல வெக்கறேன்" என்றார்.

அதன்பின் கேஷியர் வீடு, அவர் மச்சினி வீடு, இன்னும் எத்தனையோ வீடு. சைக்கிள் கேரியரில் மூட்டை என் தலைக்கு மேல் உயர்ந்தது. தேரடித் தெருவில் ஒருவர் என்னை நிறுத்தி, பாத்திரத்துக்குப் பழைய துணி எடுத்துக்கொள்கிற ஆள் என்று நினைத்து விலை பேசினார்.

அடுத்து நடிகர் தேர்வு. மேடம் டேப்போடு வந்தார். நடிப்பு, குரல், உச்சரிப்பு எதையும் கேட்கவில்லை. மார்பை அளந்தார்.

"சார், உங்களுக்கு ரெண்டு தெரு பிட்டு ஆகும்" என்று ஹெட் கிளார்க்கைத் தள்ளி நிறுத்தினார். கடைசியில் டேப் என்னைச் சுற்றியது, சுற்றியது, முடிவதாக இல்லை.

"இவன்தான் ராஜா. எல்லாரையும் விட கம்மி."

அப்படித்தான் நான் அரியணை ஏறினேன். என் வம்சத்தில் எலும்பைத் தவிர வேறு சொத்து இல்லாததற்கு அன்றுதான் பலன் கிடைத்தது. ஹெட் கிளார்க் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு இறக்கப்பட்டார். எழுதிய கதையில் ராஜா சாவது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆறுதல்.

துரோகி வேஷம் கேஷியருக்கு. அவருக்குக் கவசம் வேண்டும். அலுவலக வாசலில் கிடந்த தென்னை நார் மிதியடியை உதறி, நாடா கோத்து மார்பில் கட்டினார் மேடம். அந்த நார் குத்திய குத்தில் கேஷியர் ஒத்திகை முழுவதும் தோளைக் குலுக்கி, பல்லைக் கடித்து, மேடை முழுக்கத் துடித்துத் திரிந்தார். அவ்வளவு ஆவேசமான துரோகியை நாங்கள் பார்த்ததே இல்லை. உடுப்புகளின் ஓரத்துக்கெல்லாம் பழைய கோப்புகளிலிருந்து அவிழ்த்த சிவப்பு நாடாவைப் பின்னி வைத்தார். கிரீடம் இனிப்பு டப்பா அட்டை. மேலே அவருடைய பழைய புடவையின் ஜரிகை.

ராஜாவுக்குத் தோளிலிருந்து தரை வரை புரளும் மேலங்கிதான் பாக்கி. அதற்கு மட்டும் துணியை எங்கிருந்து எடுத்தார் என்று யாரிடமும் சொல்லவில்லை. மரூன் நிறத்தில், பட்டை பட்டையாகப் பொன்னிறம் ஓடும் கனத்த துணி.

நாடகத்தன்று எனக்கு உடுத்திவிட்டு, காதருகே சொன்னார்.

"தம்பி, எல்லாம் பெருந்தையல். அங்கங்க குண்டூசி இருக்கு. மூச்ச மட்டும் பாத்து விடு. வீரமா இழுத்து விட்டியானா முதுகு பிரிஞ்சிடும்."

முதலில் வேலூர்க்காரர்கள். நீல வெல்வெட், கண்ணாடிக் கற்கள், ஒளிவிடும் வாள். ராஜா வந்து நின்றதும் மண்டபமே அந்துருண்டை வாசனையில் மிதந்தது. முன்வரிசையில் வேலூர் மேனேஜர் காலின் மேல் கால் போட்டுக்கொண்டார். மேடம் பக்கத் திரையின் மறைவில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை, கைப்பைக்குள் இல்லாத கத்தரிக்கோலைத் தேடியது.

அடுத்து நான்.

விளக்கு விழுந்தது. நான் மூச்சை அடக்கி, குண்டூசிக்குப் பயந்து நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வோர் அடியாக வைத்து வந்தேன். சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. பின்னால்தான் தெரிந்தது, விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பிட்டுகளெல்லாம் மணிகள் இழைத்தது போல ஜொலித்திருக்கின்றன. மார்பில் அந்த ஆரஞ்சு மாம்பழங்கள் பதக்கங்களாக எரிந்திருக்கின்றன.

நாடகம் நன்றாகவே போனது. முன்வரிசையிலிருந்து ஆபீசர் வீட்டம்மா மட்டும் கண்ணைச் சுருக்கி என் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சியில், துரோகி வாளை உருவும் அந்த நிசப்தத்தில், பக்கத்திலிருந்த ஹெட் கிளார்க் மனைவியிடம் கேட்டார்.

"ஏங்க, அது நான் கொலுவுக்கு உங்களுக்கு வெச்சிக் குடுத்ததில்ல? நீங்க தெச்சிப் போட்டுக்கலயா?"

ஹெட் கிளார்க் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அதற்குள் பின்னால் இருந்து கேஷியர் மனைவி.

"அம்மா... தப்பா நெனச்சிக்காதீங்க. அது நான் உங்க பொண்ணு வளைகாப்புக்கு உங்களுக்கு வெச்சிக் குடுத்தது."

"அய்யய்யோ! அக்கா, அது நான் உனக்குக் குடுத்தது!" இது கேஷியரின் மச்சினி.

"உனக்கு யாரு குடுத்தாங்க? நான்தான் குடுத்தேன்!" என்றது பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல்.

கடைசியில் வேலூர்க்காரர்கள் வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து நின்றார். "அது எங்க வீட்லேர்ந்து கிளம்பினதுங்க! எங்கடா போச்சின்னு பாத்தேன்!"

மாவட்டம் பிரிந்தபோதுகூட அவ்வளவு சங்கடம் நிலவவில்லை. எல்லோரும் ஆபீசர் வீட்டம்மாவைப் பார்த்தார்கள். அவர் என் மார்பைப் பார்த்தார். உதடு துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், பெண்கள் பக்கம் முழுவதும் பற்றிக்கொண்டது. ஆளாளுக்கு எழுந்து அவரவர் துணியைத் தேட ஆரம்பித்தார்கள். "இடது தோளு எங்களுது!" "அந்தக் கைப்பட்டி எங்க அண்ணி குடுத்தது!" அந்த நிமிஷத்தில் நான் யாரும் கேள்விப்படாத ராஜாவாக இல்லை. ஆளுக்கு ஒரு துண்டு சொந்தமான, ஊருக்கே பொதுவான ராஜா.

கேஷியர் பாவம், இதையெல்லாம் கவனிக்கவில்லை. நார்க் கவசம் குத்துகிற வெறியில், எழுதியபடி வாளை ஓங்கி என் மார்புக்குக் கொண்டுவந்தார்.

"யோவ்! கத்திய கீழ போடு!"

குரல் கேஷியர் மனைவியுடையது.

"அது திருப்பிக் குடுக்க வேண்டிய துணி! ஒரு கீறல் விழுந்துது, நீ வூட்டுக்கு வந்துடு பாக்கலாம்!"

துரோகி மேடையிலேயே சிலையானார். திரைக்குப் பின்னாலிருந்து ஹெட் கிளார்க், "குத்துய்யா! ராஜா, சாகு! செத்துத் தொலையேண்டா!" என்று அடித்தொண்டையில் சீறினார். கேஷியர் ஹெட் கிளார்க் பக்கம் பார்த்தார், மனைவி பக்கம் பார்த்தார். யாரோடு வாழ வேண்டும் என்று ஒரு கணம் யோசித்தார். வாளைக் கீழே போட்டு என் காலில் விழுந்தார்.

இப்போது எனக்கு வசனம் இல்லை. என் வாழ்க்கையிலேயே அதுவரை நான் ஒரு முடிவும் சொந்தமாக எடுத்ததில்லை. மூச்சை நன்றாக இழுத்து, "மன்னித்தேன்!" என்று முழங்கினேன்.

முதுகு பிரிந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை காற்று சிலுசிலுவென்று புகுந்தது. இரண்டு தோளிலும் மேலங்கி மட்டும் தொங்குகிறது, அதுவும் நழுவுகிறது. திரும்பினால் என் மானம் போகும், மேடத்தின் கத்தரிக்கோலும் போகும். அதனால் திரும்பவே இல்லை. சபையைப் பார்த்தபடி, கையை உயர்த்தி ஆசீர்வதித்துக்கொண்டே, பின்னோக்கி நடந்து திரைக்குள் மறைந்தேன். கைதட்டலில் மண்டபத்தின் தகரக் கூரை அதிர்ந்தது.

முதல் பரிசு எங்களுக்கு. தீர்ப்புச் சொன்ன தமிழாசிரியர், "தன் மக்களுக்கு ஒருபோதும் முதுகு காட்டாத மன்னன்! அந்த ஒரு நடையில் அரச நெறியையே காட்டிவிட்டார்" என்று உருகினார். என் முதுகு அப்போது திரைக்குப் பின்னால் கொசுக்கடி வாங்கிக்கொண்டிருந்தது.

வேலூர் மேனேஜர் மேடை ஏறி வந்தார். மேடத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நேராக மேலங்கியைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார், இந்த முறை ஐந்து விரலாலும்.

"பிரமாதம்! இது எங்க வாங்கினீங்க? மெட்ராஸா?"

"இல்லீங்க சார், வேலூர்" என்றார் மேடம்.

"வேலூர்லயா? எங்களுக்குத் தெரியாம எந்தக் கடை?"

மேடம் மேலங்கியின் உள்பக்கத்தை மெதுவாகத் திருப்பிக் காட்டினார். மூலையில், வேலூர் அலுவலகத்தின் பெயரோடு ஊதா மையில் ஒரு பழைய முத்திரை. பொன்னிறப் பட்டைகள் வேறொன்றுமில்லை; ஜன்னல் கம்பிக்கு நடுவே வருஷக்கணக்காக வெயில் பட்டு வெளுத்த இடங்கள்.

"உங்க ரூம் ஜன்னல் திரைதான் சார். எங்களோட லாரியில வந்துது. நீங்க தெனம் பாத்ததாச்சே, தெரியலயா?"

மேனேஜர் முத்திரையைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். அப்போது அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை. கையைக் கூப்பிவிட்டு இறங்கிப்போனார்.

எங்கள் ஆபீசர் எல்லோர் முன்னாலும் டிராயரில் பூட்டி வைத்ததைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். மேடம் கத்தரிக்கோலை வாங்கி, திறந்து, மூடி, விளக்கில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"இதால பேப்பர் வெட்டினது யாரு?"

வெற்றி விழா நின்றது. ஆபீசர் கூரையைப் பார்த்தார். "ஒரே ஒரு கவர்தாம்மா..." என்றார்.

அடுத்த வாரம் முழுவதும் மேடம் நூலை உருவினார். ஒவ்வொரு பிட்டையும் தேய்த்து, மடித்து, வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தோம். எல்லாம் போய்ச் சேர்ந்தது, ஒன்றைத் தவிர. மண்டபத்தில் அத்தனை பேர் எழுந்து நின்று உரிமை கொண்டாடிய அந்தக் கிளிப்பச்சை மாம்பழத்தை, வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒருவரும் வாங்கவில்லை. "நீங்களே வெச்சிக்குங்க" என்று ஆபீசர் வீட்டம்மா கதவைச் சாத்தும் வேகத்திலேயே சொன்னார்.

சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். மேடம் கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை ஓரம் திருப்பிப் பார்த்து, "கறை படாம பாத்துக்க" என்றார். பிறகு என் மனைவி கையில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார். மேலே, மடிப்புக் கலையாமல், கிளிப்பச்சை. அதில் ஆரஞ்சு மாம்பழங்கள்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. கொலுவுக்கும் வளைகாப்புக்கும் அதிலிருந்து பிட்டுகள் போகின்றன, வருகின்றன. ஓரமெல்லாம் ஊசித் துளைகளோடு இருக்கிற அந்த ஒன்றை மட்டும், இன்றுவரை நாங்கள் யாருக்கும் வைத்துக் கொடுத்ததில்லை.